பாயின் இடது கையும் என் கிட்டார் பெடலும்

2022 நவம்பர் 19, சனிக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிடம். காலையில் பிடித்த சாரல் அப்போதுதான் விட்டிருந்தது. எங்கள் மலையூரின் ஏரிப் பக்கமிருந்து ஏறி வந்த மூடுபனி எங்கள் கேட்டை மறைத்து, கேட்டுக்குள்ளும் புகுந்து, பேரிக்காய் மரத்தைப் பாதி விழுங்கியிருந்தது. சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி பன்னிரண்டு டிகிரி காட்டியது. கேட் திறக்கும் சத்தம் கேட்டது, ஆள் தெரியவில்லை. பிறகு மரத்தடியில் ஒரு குரங்குக் குல்லா தெரிந்தது, அதன் கீழே எங்கள் டிரம்மரின் முகம் தெரிந்தது. ஸ்வெட்டர் சுற்றிக் கொடுக்கும் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "சார், ஒங்க கிட்டார் பெடலைக் கொஞ்சம் குடுங்க, ஒரு சோலி இருக்கு" என்றார். குடை இரவல் கேட்கும் குரலில்தான் கேட்டார்.

அந்தப் பெடலை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. சோப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிய இரும்பு டப்பா அது. மேலே மூன்று திருகுகள், காலால் மிதிக்க ஒரு பொத்தான். கிட்டாரிலிருந்து வரும் ஒயர்க் கம்பி அதற்குள் போய் வெளியே வரும்போது, தெளிவாக மணி மாதிரி இருந்த சத்தம் கரகரத்து உறுமலாகிவிடும். முதல் திருகு சத்தத்தின் அளவுக்கு, இரண்டாவது கூர்மைக்கு, மூன்றாவது உறுமலுக்கு. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்த காலத்தில் மதுரைக்குப் போய் வாங்கி வந்தது. எங்கள் மெல்லிசைக் குழு வாசிக்கும் பாட்டுகளில் ஒரே ஒரு பாட்டில், இடையிசையில், எட்டுத் தாள வட்டத்துக்கு மட்டும் அது வேண்டும். மற்ற நேரமெல்லாம் பழைய துண்டு ஒன்றில் சுற்றி வைத்திருப்பேன்.

குழுவில் ஆறு பேர். முதலாளியும் முதல் பாடகரும் ஒருவரே. என்னைவிடப் பதினோரு வயது இளையவர் என்றாலும் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுவதால் நானும் அண்ணன் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பெண் குரலுக்கு ஒரு டீச்சர். கீபோர்டு வாசிப்பவர் பக்கத்துக் கவுஞ்சி கிராமத்தில் பூண்டு விவசாயம் செய்பவர், அறுவடைக் காலத்தில் நகத்தில் மண்ணோடுதான் வருவார். தபேலாவுக்கு ஒருவர். கிட்டாருக்கு நான். டிரம்ஸுக்கு பாய். பஜாரில் அவருக்குக் கம்பளித் துணிக் கடை. மகன் தலையெடுத்த பிறகு கடையை அவனிடம் விட்டுவிட்டு, வாரத்தில் பாதி நாள் தோல் இறுக்குவதும் ஆணி முடுக்குவதுமாக இருந்தவர். இருபத்தேழு வருடம் அவருக்கு முன்னால் நின்று வாசித்திருக்கிறேன். எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. படி ஏறினாலும் எண்ணுவேன், சாமி கும்பிடும்போதும் எண்ணுவேன். பாட்டில் மட்டும் எண்ணத் தேவையில்லாமல் செய்தவர் பாய். என் முதுகுக்குப் பின்னால் அவர் அடித்துக்கொண்டிருந்தால் எத்தனையாவது வட்டம் என்பது தானாகத் தெரியும்.

அந்த வருடம் மார்ச்சில் பெருமாள்மலை வளைவில் பனிக்குள் அவருடைய ஸ்கூட்டர் சறுக்கியது. இடது மணிக்கட்டில் எலும்பு இரண்டாக உடைந்து, பிளேட் வைத்துத் தைத்தார்கள். ஆறியது, ஆனால் பிடிமானம் வரவில்லை. குச்சியைப் பிடித்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் விரல் தானாக விரிந்துவிடும். டிரம்ஸில் நாலு எண்ணிக்கையில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் கால் டிரம் என்கிற பெரிய டிரம்மைக் கால் மிதிக்கும், இரண்டுக்கும் நாலுக்கும் ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மில் விழுகிற அடி இடது கையுடையது. பாட்டைக் கேட்பவர்கள் தலையாட்டுவது அந்த அடிக்குத்தான். அதுதான் போயிற்று.

அண்ணன் கெட்டவர் இல்லை. மூன்று மாதம் பொறுத்தார். பிறகு திண்டுக்கல்லில் ஒரு ரிதம் மெஷின் பழையதாக வாங்கி வந்தார். சாப்பாட்டுத் தட்டு அளவில் இருக்கும், மேலே பன்னிரண்டு ரப்பர் சதுரங்கள். ஒவ்வொன்றும் ஒரு டிரம், ஒரு தாளத்தட்டு. விரலால் தட்டினால் அடிக்கும், பொத்தானை அமுக்கினால் தானே அடித்துக்கொண்டிருக்கும். பாய் அதன் முன்னால் உட்கார்ந்து வலது கையால் தட்டினார். நாலைந்து நிகழ்ச்சி அப்படிப் போனது. அப்புறம் அண்ணன் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார். பொத்தானை அமுக்கினால் ஓடுகிற மெஷினுக்கு ஒரு ஆள் எதற்கு, கீபோர்டுக்காரரே இடது கையால் அமுக்கிவிடலாமே என்று எங்களிடம் தனித்தனியாகச் சொன்னார். கவுஞ்சிக்காரர், "எனக்கு ரெண்டு கை சோலியே சரியாக் கெடக்குண்ணே" என்று நழுவினார். பாயிடம் அண்ணன் நேராகச் சொன்னது ஒன்றுதான்: பண்ணைக்காட்டு ரிசப்ஷன் வரைக்கும் பார்ப்போம், அதற்கப்புறம் நீங்கள் ரெஸ்ட் எடுங்கள் பாய். ரிசப்ஷன் டிசம்பர் பதினோராம் தேதி. பாய் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இருபத்திரண்டு நாள் பாக்கி.

காப்பி வந்தது. பாய் குடிக்காமல் டம்ளரில் இடது மணிக்கட்டைச் சூடுபடுத்திக்கொண்டே சொன்னார். "இந்த மெஷின் அடிக்கல சார். அடிச்சதாச் சொல்லுது." நூறு தடவை தட்டினாலும் நூறும் ஒரே அடி, மேலே தோல் இல்லை, பக்கத்தில் இன்னொரு டிரம் இருப்பது ஒன்றுக்கும் தெரியாது என்றார். அப்புறம் பெடல் விஷயத்துக்கு வந்தார். ஏழு ரோடு சந்திப்பில் போர்வை விற்கிற ஆட்டோவில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள், அது எப்போதோ கிழிந்துபோனது. அதில் ஓடிய சினிமாப் பாட்டின் தாளம் மட்டும், கேட்க நாராசமாக இருந்தாலும், யாரோ உண்மையில் அடிக்கிற மாதிரி இருந்ததாம். கடையை விட்டு இறங்கி ஆட்டோவுக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தாராம். நடக்கும்போது என் பெடல் ஞாபகம் வந்ததாம்.

கிட்டாருக்காகச் செய்த பெடலுக்குள் டிரம் சத்தத்தை விடலாமா, விட்டால் பெடல் புகைந்துவிடுமா என்று எனக்குத் தெரியாது. மனதுக்குள் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என்னதான் ஆகும் என்று பார்த்துவிடத் துடிக்கும் ஒரு அரிப்பு. வங்கியில் முப்பத்திரண்டு வருடம் இந்த அரிப்புக்கு வேலையே இருந்ததில்லை. துண்டைப் பிரித்தேன். பாய் தன் பிளாஸ்டிக் பையிலிருந்து மெஷினை எடுத்தார். மெஷினிலிருந்து பெடலுக்கு ஒரு கம்பி, பெடலிலிருந்து என் ஆம்பிளிஃபயருக்கு ஒரு கம்பி. உறுமல் திருகு நான் கடைசியாக வைத்த இடத்தில், அதாவது முக்கால்வாசியில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. பாய் பொத்தானை அமுக்கினார்.

உள்ளேயிருந்து என் மனைவி ஓடி வந்தாள். கிரைண்டரில் கல் மாட்டிக்கொண்டது என்று நினைத்தாளாம். கிரைண்டர் ஓடவே இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் சேத்து நூத்தி இருபத்தெட்டு வயசு" என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னோடு சேர்ந்து அவளுக்கும் எண்ணுகிற வியாதி ஒட்டிக்கொண்டது.

உறுமலை மெதுவாகக் குறைத்துக்கொண்டே வந்தோம். கால்வாசிக்குக் கீழே வந்தபோது ஒன்று நடந்தது. ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்த தாளம் மூச்சு விட ஆரம்பித்தது. இதை வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. கால் டிரம் விழும்போது மற்றதெல்லாம் பதுங்கியது. அது ஓய்ந்ததும் ஓரத்தில் இருந்த சின்னச் சத்தங்கள் மேலே எழும்பி வந்தன. இரண்டு அடிக்கு நடுவே முன்பு வெறும் மௌனம் இருந்தது. இப்போது அங்கே அடித்த தோல் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டார். நான் எண்ணினேன். எட்டு எண்ணிக்கையில் ஸ்னேர் நாலு தடவை வந்தது. நாலும் ஒரே ரப்பரில் பதிவான ஒரே சத்தம்தான். ஆனால் கால் டிரம்மை ஒட்டி விழுந்த ஸ்னேர் நசுங்கி வந்தது, தனியாக விழுந்தது விரிந்து வந்தது.

அன்று இரவு சாப்பிடும்போதும் அதே யோசனை. கெடுப்பதற்காகச் செய்த ஒரு டப்பா, ஏற்கெனவே சரியாக இருப்பதை எப்படி உயிருள்ளதாக்க முடியும்? மறுநாள் பல் துலக்கும்போது எனக்கு ஒரு விளக்கம் கிடைத்தது. பெடலுக்குள் ஒரு தாழ்ந்த கூரை இருக்கிறது. மேல்மலையில் குளிருக்காக உயரம் குறைத்துக் கட்டிய பழைய வீடுகளைப் போல. அதற்குள் நுழையும்போது உயரமானவன் குனிய வேண்டும், குட்டையானவன் நிமிர்ந்தே போகலாம். பலத்த சத்தம் அமுங்குகிறது, மெல்லிய சத்தம் அதற்குச் சமமாகத் தெரிகிறது. வாசலும் ஒன்றுதான். இரண்டு பேர் சேர்ந்து நுழைந்தால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். மெஷினுக்குள் இருக்கும்வரை ஒன்றையொன்று அறியாத டிரம்கள் அந்த வாசலில்தான் முதல் முறையாக இடித்துக்கொள்கின்றன. பாயிடம் இதைச் சொன்னபோது, "அப்படியா சார்?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அவருக்கு அது தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன். எனக்குத் தேவைப்பட்டது.

அடுத்து வந்த நாட்களில் மத்தியானம் கடையில் ஆள் வராத நேரம் பார்த்து வருவார். தாளத்தட்டு சத்தம் பெடலுக்குள் போனால் அப்பளம் பொரிகிற மாதிரி ஆகிவிடுகிறது, அதை எடுத்துவிட்டோம். கஞ்சிரா சத்தம் நன்றாக இருந்தது. கை தட்டுகிற சத்தம் மிக நன்றாக இருந்தது, நாலு பேர் ஒரு தகரக் கொட்டகைக்குள் நின்று தட்டுவது போல. கால் டிரம்தான் தொல்லை. பெடல் அதன் அடிவயிற்றை உருவி எடுத்துவிட்டது, அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல் ஆனது. பாய் அதை ஈடுகட்ட ஆம்பிளிஃபயரில் சத்தத்தைக் கூட்டினார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு கிழிசல் சத்தம். இந்த முறை நிஜக் கிழிசல். கிட்டாருக்கென்று செய்த ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு, கால் டிரம்மின் உதையைத் தாங்காமல் விளிம்போடு பிரிந்துவிட்டது.

நான் இரண்டு நாள் பாயோடு சரியாகப் பேசவில்லை. அவரும் வரவில்லை. மூன்றாம் நாள் சும்மா இருக்க முடியாமல், அவர் விட்டுப்போன மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் எத்தனை துளைகள் என்று எண்ணினேன். மின்சாரத்துக்கு ஒன்று, ஹெட்ஃபோனுக்கு ஒன்று, வெளியே போகும் சத்தத்துக்கு இரண்டு, இடதும் வலதும். இதுவரை ஒன்றைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். இடதை நேராகக் கொண்டுபோய், வலதை மட்டும் பெடல் வழியாகக் கொண்டுபோனால்? அடிவயிறு ஒரு கம்பியில் பத்திரமாகப் போகும், உறுமல் இன்னொன்றில் போகும். நானே பஜாருக்கு நடந்துபோய்ச் சொன்னேன். பாய் ஒரு சுற்றுலாக்காரருக்கு சால்வை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். விரித்த சால்வையை மகன் தலையில் போட்டுவிட்டு, கடையில் பாட்டுக்கு வைத்திருந்த இரட்டை ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார்.

அன்றுதான் நான் எதிர்பாராத இன்னொன்றைப் பார்த்தேன். பெடலைத் தரையில் வைத்துக் காலால் மிதிப்பதுதான் வழக்கம். பாய் அதைத் தூக்கி மேஜையில், மெஷினுக்கு இடது பக்கம் வைத்தார். தாளம் தானாக ஓடியது, வலது கை ரப்பரில் இடையிடையே தட்டியது. இடது கை பெடலின் மூன்றாவது திருகுக்குப் போனது. குச்சியைப் பிடிக்க முடியாத விரல்களால் ஒரு சின்னத் திருகைத் திருப்ப முடிந்தது. சரணம் அடங்கி ஓடும்போது மூடி வைத்தார். பல்லவிக்குத் திரும்பும் இடத்தில், இரண்டாவது அடிக்கு ஒரு மயிரிழை முன்னால் திறந்தார். இரண்டுக்கும் நாலுக்கும் விழுகிற அடி, எட்டு மாதத்துக்குப் பிறகு, அந்தக் கையிலிருந்து வந்தது. அவர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார், நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

பண்ணைக்காட்டில் மாப்பிள்ளை வீட்டுக்குக் காப்பித் தோட்டம். காப்பிக் கொட்டை காயப்போடும் களத்திலேயே பந்தல், மேடை. மலைப்பாதையில் இருட்டில் காட்டுமாடு நிற்கும் என்பதால் அங்கே எல்லாம் சாயங்காலமே தொடங்கிவிடும். ஐந்து மணிக்கு முதல் பாட்டு. அண்ணனிடம் பெடலைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். மைக் செட்காரர் பட்டிவீரன்பட்டியிலிருந்து வந்திருந்தார், முப்பது வயது, கழுத்தில் ஹெட்ஃபோன். இரண்டு கம்பியையும் அவரிடம் கொடுத்தோம். எதற்கு இரண்டு என்று அவர் கேட்கவில்லை, விளக்குகிற புத்தி எங்களுக்கும் வரவில்லை.

முதல் பாட்டு பாதி போயிருக்கும். திடீரென்று தாளம் வெளுத்துப்போனது. நிற்கவில்லை, பிசகவில்லை, மறுபடியும் 'அடிச்சதாச் சொல்ல' ஆரம்பித்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பாய் திருகைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார், சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் முகம் என்னைப் பார்க்கவில்லை, தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கைதான் விட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறார். இதைப் பிறகுதான் சொன்னார். எனக்கு மைக் செட்காரரின் மேஜை தெரிந்தது. அவர் குனிந்து தன் ஸ்பீக்கர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கரகரவென்று வந்ததும் தன் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று பயந்து, அந்தக் கம்பியின் சத்தத்தை அடியோடு இறக்கிவிட்டார். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அடுத்த பாட்டில் முதல் இரண்டு நிமிடம் எனக்கு வேலை இல்லை. கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். அறுபத்தெட்டு வயதில் கச்சேரி நடுவில் மேடையை விட்டு இறங்கியது அதுதான் முதல் தடவை. கம்பி எங்கோ லூஸாகக் கிடக்கிறது, போய் மேடையில் நில்லுங்கள் என்று மைக் செட்காரர் விரட்டினார்.

"அது கெட்டுப் போகல தம்பி. நாங்கதான் கெடுத்து வச்சிருக்கோம்."

"காசு குடுத்தா கெடுத்தீங்க?"

"ஆமா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெருசு, எம் பொட்டி கிழிஞ்சா யாரு பொறுப்பு?"

என் ஆம்பிளிஃபயர் வீட்டு மூலையில் கிழிந்து கிடப்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பெட்டி பெரியது, தாங்கும் என்று பாதி மனம் சொன்னது. தாங்காது என்று மீதி சொன்னது. "நான்" என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே திருகை மேலே ஏற்றினார்.

ஏற்றிய நேரத்தில் பாட்டு கடைசிச் சரணத்தில் இருந்தது. முதலில் வந்தது உறுமல் இல்லை, மெஷினின் மெல்லிய இரைச்சல், பனி இறங்குவது போல. பிறகு கைதட்டல் சத்தம், பிறகு எல்லாம் இடித்துக்கொண்டு வந்தன. பாய் தலையை நிமிர்த்தினார். பந்தலில் சாப்பாட்டுக்கு எழுந்த ஒரு வரிசை, எழுந்தபடியே நின்றது. பெண்ணின் தாய்மாமன்கள் போலிருக்கிறது, நாலு பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆட முன்னால் வந்தார்கள். நான் மேடை ஏறிக் கிட்டாரை மாட்டும்போது அண்ணனைப் பார்த்தேன்.

பாடகர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசிப் பல்லவிக்குத் திரும்பும் முன்னால் ஒரு நொடி தலையைத் திருப்பி டிரம்மரைப் பார்ப்பார்கள். அங்கிருந்து ஒரு உருட்டல் வரும், அதன் மேல் ஏறி உட்கார்ந்து பாடுவார்கள். மெஷின் வந்த பிறகு அண்ணன் திரும்புவதையே விட்டிருந்தார். பொத்தானைத் திரும்பிப் பார்த்து என்ன செய்ய? அன்று அவர் திரும்பினார். நினைத்துச் செய்யவில்லை என்று பந்தயம் கட்டுவேன், கழுத்து தானாகத் திரும்பியது. பாய் அவரைப் பார்த்துக்கொண்டே இடது கையால் திருகை முழுக்கத் திறந்து, நாலு அடி உறுமவிட்டு, ஐந்தாவதில் சட்டென்று மூடினார். அண்ணன் அதன் மேல் ஏறினார்.

எட்டு மணிக்குள் முடித்துவிட்டுச் சாமான்களை ஜீப்பில் ஏற்றினோம். மைக் செட்காரர் வந்து, வலது பக்கப் பெட்டியில் ஒரு ஸ்பீக்கர் போய்விட்டது என்று சொல்லி, என் கையைப் பிடித்து விரலால் கிழிசலைத் தடவிக் காட்டினார். கோபமாகச் சொல்லவில்லை. தாய்மாமன்களில் ஒருவர் அவரிடம் அடுத்த மாதத்துக்கும் மைக் செட் சொல்லியிருந்தார். அண்ணன் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, திரும்பாமலே பேசினார்.

"பாய், பொங்கலுக்குப் பழனியில புரோகிராம். அந்த டப்பாவை மறந்துறாதீங்க."

"டப்பா சாரோடதுண்ணே."

பாய் அதைத் துண்டில் சுற்றி என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார். நான் என் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். "ஏறுங்க பாய், வெரசா. குளிருது" என்றேன்.

இப்போது பாய் பழனியில் மகள் வீட்டில் இருக்கிறார், பெடலும் அவரோடுதான். மணிக்கட்டில் வைத்த பிளேட்டுக்கு மலைக் குளிர் ஆகவில்லை. நிகழ்ச்சி என்றால் பஸ் ஏறி வருவார், அல்லது நாங்கள் இறங்குவோம். அந்த ஒரு பாட்டின் இடையிசையை நான் பெடல் இல்லாமல்தான் வாசிக்கிறேன். ஏன் உறுமல் இல்லை என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. என் ஆம்பிளிஃபயருக்குக் கூம்பு மாற்ற ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது, புதுக் கம்பிகளும் பேட்டரியும் முந்நூற்று அறுபது, மைக் செட்காரருக்கு மூவாயிரத்து நானூறு. பாதியைத் தருகிறேன் என்று பாய் மூன்று தடவை கேட்டுவிட்டார், நான் வாங்கவில்லை. பெடலைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆக மொத்தம் ஐயாயிரத்து அறுநூற்றுப் பத்து ரூபாய்.